புதுப்பிப்பு: கம்போஸ்ட் டீ நாறினால்

கம்போஸ்ட் டீ என்பது மட்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, பம்ப் வைத்துக் காற்று ஊதித் தயாரிக்கும் திரவ உரம். அதற்குப் போன பதிவில் சொன்ன அளவு: 10 லிட்டர் தண்ணீர், துணியில் கட்டிய 1 கிலோ மண்புழு உரம், 50 கிராம் வெல்லம், மீன்தொட்டி ஏர் பம்ப், 24 மணி நேரம். செங்கோட்டைப் பக்கமிருந்து "சாக்கடை மாதிரி நாறுதே" என்று கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் வெல்லம்தான் காரணம். கூடினால் நுண்ணுயிர் மளமளவென்று பெருகி, சின்ன பம்ப் தரும் காற்று பத்தாது. 30 கிராமே போதும். ராத்திரி கரண்ட் போய் பம்ப் நின்றாலும் இதே கதிதான். நாறியதைச் செடிக்கு ஊற்றாதீர்கள், குப்பைக்குழியில் கொட்டுங்கள். சரியாக வந்தால் மண்வாசம் அடிக்கும்.

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரென்றால் முதல் நாளே வாளியில் திறந்து வையுங்கள். பம்பை நிறுத்தியதும் 4 மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். சாரல் நேரத்தில் இலையில் தெளித்தால் கழுவிக்கொண்டு போகும், வேரில் ஊற்றுங்கள். கீரைக்கு இலைமேல் தெளிப்பே வேண்டாம்.