கோழிகளோடு ஒரு ஃபெசன்ட் சேவல்: வளர்த்தவர்கள் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்கள் வீடு. புழக்கடையில் பதினோரு நாட்டுக்கோழி, ஒரு சேவல். ஊர் மாற்றிப் போன நண்பர் தன் ஃபெசன்ட் சேவலை என்னிடம் விட்டுப் போனார். கழுத்தில் வெள்ளை வளையம், முழ நீள வால். (காட்டுக்கோழி இல்லைங்க, கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த வெளிநாட்டுப் பறவை.)

மூன்று வாரம் தனியாக வைத்திருந்து, போன ஞாயிறு கோழிகளோடு விட்டேன். அமைதியாகத்தான் பொறுக்கியது. எங்கள் சேவல் கூவியதுதான் தாமதம், ஃபெசன்ட் நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பித் தகரக் கூரையில் மோதி மண்டையை உடைத்துக்கொண்டது. இப்போது தகரத்துக்குக் கீழே பழைய கொசுவலையைத் தொய்வாகக் கட்டியிருக்கிறேன். கேழ்வரகை மதிப்பதே இல்லை. கரையான் என்றால் ஓடி வருகிறது.

என் பயம் கருந்தலை நோய் (குடலையும் ஈரலையும் தாக்கும் நோய்). கோழிகள் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அவற்றின் குடல்புழு முட்டை வழியாக ஃபெசன்டுக்கு வந்துவிடுமாம். அதன் அறிகுறியாக எச்சம் மஞ்சளாகப் போகிறதா என்று தினம் குனிந்து பார்க்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஒரே புழக்கடையில் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கோழிகளுக்குக் குடல்புழு மருந்து எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுக்கிறீர்கள்? அப்புறம், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இதற்கும் கோழிக்குப் போடும் அதே அளவுதானா?