ராட்டையில் நூல் அறுந்த கதைகள்: உங்கள் அனுபவம் என்ன?

பஞ்சுமூட்டை:
பெட்டி ராட்டையில் மூன்று வாரம் திண்டாடிய கதை வேண்டாம், எல்லாரும் பட்டதுதான். ஒரு சாயங்காலம் நூற்றுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கையை நிறுத்தத் தோன்றவில்லை. கதிர், அதாவது நூலை முறுக்கிச் சுற்றிக்கொள்கிற கம்பி, அதன் முனையிலிருந்து நூல் ஒவ்வொரு சுற்றுக்கும் நழுவி விழுகிற டிக் டிக் சத்தம் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அதைக் கேட்டுக்கொண்டே இடது கை நூலை இழுத்தபடி பின்னால் போனது, தோள் வரைக்கும்! விளக்கு வந்தது, பார்த்தேன், அறுந்தது. பத்து நாளாகிறது, அந்த நீளம் திரும்ப வரவில்லை. கை அப்படி என்னதான் செய்தது?

விளக்குத்திரி:
பார்த்ததும் விரலை இறுக்கியிருப்பீர்கள், வேறொன்றும் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருநாள் என் கையிலிருந்த பஞ்சுத்திரியை வாங்கி, நான் நசுக்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார். "இது விளக்கேற்றத்தான் ஆகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆறு வருடமாகியும் திரியை எடுக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது.

கதிர்வளைவு:
விரல், விரல் என்று எல்லாத் தப்பையும் விரல்மேல் போடாதீர்கள் சார். என் கதிர் லேசாக வளைந்திருந்தது. அது தெரியாமல் ஒரு மாதம் என் கையையே திட்டிக்கொண்டிருந்தேன். என் கதை அவ்வளவுதான். பஞ்சுமூட்டை, நீங்கள் முதலில் கதிரைக் கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். அப்புறம் சக்கரத்தையும் கதிரையும் இணைக்கிற மால்கயிறு வழுக்குகிறதா என்று பாருங்கள், வழுக்கினால் முறுக்கு ஏறாது. இழுக்கும்போது நூல் கதிருக்குச் செங்குத்தாக நிற்கக் கூடாது, முனைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். இழுத்து முடித்ததும் சக்கரத்தைச் சற்றே பின்னால் திருப்பி, முனையில் சுற்றியதை அவிழ்த்துவிட்டு, அதன்பிறகு செங்குத்தாகப் பிடித்துச் சுற்றுங்கள். திரி தடிமனாக இருந்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காற்று வறண்ட நாளில் பஞ்சு முரண்டு பிடிக்கும், அன்றைக்கு நூற்காமல் இருப்பதே நல்லது. பருத்தி இழை பெரும்பாலும் 25, 30 மில்லிமீட்டர்தான். முறுக்குதான் அதைப் பிடித்துவைக்கிறது, அதனால் முறுக்கு முந்த வேண்டும், இழுவை பிந்த வேண்டும்.

ஊடை:
கேட்காத பாடம் நீளமாகவே வந்துவிட்டது :) என் முதல் சிட்டத்தை, அதுதான் நூற்ற நூல்கட்டை, ஒரு நெசவாளரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன், பாவுக்கு, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூலுக்கு, ஆகும் என்று நினைப்பு. ஒரு சாண் நூலை இரண்டு கையிலும் பிடித்து மெல்ல இழுத்தார். சத்தமே இல்லாமல் இரண்டாகிவிட்டது. "இது அறவில்லைம்மா, இழை இழையாகக் கழன்றுவிட்டது. ஊடைக்கு வேண்டுமானால் பார்க்கலாம்" என்றார், குறுக்கே ஓடுகிற நூலுக்கு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பஞ்சுமூட்டை, உங்கள் நூலின் அறுந்த முனை எப்படி இருந்தது? வெட்டினாற்போலா, மயிர்மயிராக மெலிந்தா?

பஞ்சுமூட்டை:
அந்த நூலைக் கதிரிலிருந்து எடுக்க மனசு வரவில்லை, அப்படியே இருக்கிறது. இப்போது போய்ப் பார்த்தேன். மெலிந்து, கடைசியில் நாலைந்து இழைதான் நீட்டிக்கொண்டிருக்கிறது.

கதிர்வளைவு:
முறுக்கு பிந்திவிட்டது. நான் அதைத்தான் சொன்னேன்.

பஞ்சுமூட்டை:
சரி, கதிர் நேராகத்தான் இருக்கிறது, உருட்டிப் பார்த்துவிட்டேன். விளக்கு வந்ததும் வாயைப் பிளந்துகொண்டு நூலைப் பார்த்தேன் இல்லையா, அப்போது டிக் சத்தம் நின்றுபோனது ஞாபகம் வருகிறது. வலது கை சக்கரத்தை விட்டுவிட்டது, இடது கை மட்டும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.