அப்பா வளர்த்த கரடிக்குட்டி

விலங்கு அனுபவம் என்றாலே புலி, யானை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்களுடையது சூரியக் கரடிக் கதை.

போன பள்ளி விடுமுறையில் அப்பாவையும் மகனையும் மலேசியத் தேசிய விலங்குக்காட்சிசாலையான ஜூ நெகாராவுக்கு அழைத்துப் போனேன். 1963-இல் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த இடம். கோலாலம்பூருக்குக் குடிவந்து நாற்பது ஆண்டாகியும் அப்பா உள்ளே போனதில்லை. "தோட்டத்தில் பார்க்காததையா அங்கே பார்க்கப் போகிறேன்?" என்பார்.

வெயிலையும் ஐஸ்கிரீம் வரிசையையும் விட்டுவிடுகிறேன். ஏரிக்கரை மரங்களில் நாரைகள் கூண்டில்லாமல் குடியிருந்தன. "திறந்து விட்டும் போகாமல் இருக்கின்றனவே!" என்று அப்பா வியந்தார். அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

கரடி எங்களைக் கண்டதும் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. நெஞ்சில் பிறைபோல் மஞ்சள் பட்டை. கரடி இனங்களிலேயே மிகச் சிறியது இதுதான். ஆனால் நகங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. முன்னங்கையை எங்கள் பக்கம் நீட்டியபடியே நின்றது. யாரோ வீட்டில் வளர்த்துப் பறிமுதலான கரடியாம், மனிதரைக் கண்டால் கை நீட்டும் பழக்கம் போகவில்லை என்றார் அங்கிருந்த பணியாளர். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இதை வீட்டில் வைத்திருந்தால் அபராதமோ சிறையோ கிடைக்கலாம். ஆனாலும் அடுக்குமாடியில்கூட வளர்க்கிறார்கள். கேட்டால் செல்லப்பிராணி என்பார்கள்.

அப்பாவும் வளர்த்திருக்கிறார். அறுபதுகளில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். வேட்டைக்குப் போனவரிடம் தாத்தா சில வெள்ளிக்கு வாங்கிய குட்டி. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் அப்பாவின் விரலையும் சேர்த்துச் சப்புமாம். கொடியில் காய்ந்த பாட்டியின் சேலையை அது கிழித்துப் போர்த்திக்கொண்டு தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த கதையை எங்கள் வீட்டில் கேட்காதவர் கிடையாது. தீபாவளிக்குத் தீபாவளி அப்பா நடித்தே காட்டுவார். வளர்ந்தபின் பலா மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார்களாம். ஒரு நாள் மரம் சீவிவிட்டு வந்தபோது சங்கிலி மட்டும் கிடந்ததாம். "காட்டுக்கே ஓடிவிட்டது" என்று கதையை முடிப்பார். நாங்களும் கைதட்டுவோம்.

அன்று பணியாளரிடம் மலாயில் அதையே சிரித்துச் சிரித்துச் சொன்னார். அவரும் சிரித்தார். பிறகு வாளியைக் கழுவிக்கொண்டே, "தாய்க்கரடி குட்டியை விட்டுக்கொடுக்காது, பாக் சிக் (பெரியவரே). தாயைச் சுட்டால்தான் குட்டி கைக்கு வரும்" என்றார். குத்திக்காட்டவில்லை, தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கரடி மறுபடியும் கை நீட்டியது. தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும், "தாத்தா, சேலைக் கதை சொல்லுங்கள்" என்றான் மகன். "சாப்பிடு, பிறகு சொல்கிறேன்" என்றார்.

மூன்று மாதமாகிறது. இன்னும் சொல்லவில்லை.