அரண்மனைக்காரன் தெருவும் அரராத் மலையும்

ஆச்சி வீடு (குடும்பக் குழு)

சனிக்கிழமை

ஜெனி, மாலை 4:10
(5 படங்கள்)
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்று காலேஜ் லீவு. வீட்டுக்காரப் பாட்டி என்னைக் கோர் விராப் மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆர்மீனியத் தலைநகர் எரவானிலிருந்து வேனில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பின்னால் பனி மூடித் தெரிகிறதே, அதுதான் அரராத். நோவாவின் பேழையோடு சேர்த்து நாம் சண்டே ஸ்கூலில் படித்த பெயர். ஆனால் மலை இருப்பது துருக்கியில். மடத்துக்குக் கீழே திராட்சைத் தோட்டம், அப்புறம் கம்பிவேலி, அதற்கு அந்தப் பக்கம் மலை. எல்லையை 1993-இல் மூடினார்கள். பாட்டி வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள்.

பெரியப்பா, 4:16
ஜெனிம்மா, பார்க்கவே நிறைவாக இருக்கிறது. ஆர்மீனியாவைக் கிறிஸ்தவ நாடாக்கிய கிரிகோரியை அடைத்து வைத்த குழி அங்கேதானே? உள்ளே இறங்கினாயா?

ஜெனி, 4:22
இறங்கினேன் பெரியப்பா. சின்ன ஆலயம் ஒன்றின் தரையில் ஒரு துவாரம். உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் நுழைய முடியும். இரும்பு ஏணி கிட்டத்தட்ட செங்குத்து, ஆறு மீட்டர் ஆழம் இருக்கும். கீழே வட்டமான கல் அறை. மெழுகுவர்த்திப் புகையில் மூச்சு முட்டியது. பத்து நிமிடம் நின்றுவிட்டு ஏறி வந்ததற்கே முழங்கால் நடுங்கியது. அதற்குள் அவர் 13 வருடம் கிடந்தாராம். விதவை ஒருத்தி தினமும் மேலிருந்து ஒரு ரொட்டி போட்டாளாம்.

அத்தை, 4:25
ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "எலியாவுக்குச் சாறிபாத் விதவை கொடுத்த மாதிரி"ன்னு சொல்லச் சொன்னார்கள்.

டேனி அண்ணன், 4:31
அவரை யார் அடைத்தது? ஏன்?

பெரியப்பா, 4:40
திரிதாத் ராஜா. கிரிகோரியின் அப்பாதான் திரிதாத்தின் அப்பாவைக் கொன்றவர் என்பது கதை. கிரிகோரி அது தெரிந்தும் அந்த ராஜாவிடமே சேவகத்துக்கு வந்தார். அனாகித் தேவிக்கு மாலை போடச் சொன்னபோது மாட்டேன் என்றார். சித்திரவதை, அப்புறம் குழி. பிறகு ராஜாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அவர் தங்கைக்கு ஒரு சொப்பனம், குழியில் இருப்பவன்தான் குணமாக்குவான் என்று. தூக்கி வெளியே எடுத்தால் ஆள் உயிரோடு! ராஜா குணமானார், ஞானஸ்நானம் வாங்கினார், நாடே கிறிஸ்தவ நாடு என்று அறிவித்தார். வருடம் 301. ரோம ராஜ்யத்தில் கிறிஸ்தவர்கள் நிம்மதியாக மூச்சுவிட வைத்த மிலான் ஆணை வந்தது 313-இல்தான். உலகத்திலேயே முதல் கிறிஸ்தவ நாடு இதுதான்.

டேனி அண்ணன், 4:47
அப்பா, 301 சபை மரபு சொல்கிற வருடம். 314 வாக்கில்தான் நடந்தது என்று சொல்கிற வரலாற்றாசிரியர்களும் உண்டு. அது போகட்டும். எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. ராஜா ஒரு நாள் முடிவு எடுக்கிறார், மறுநாள் நாடு முழுக்க மதம் மாறிவிட்டது என்றால் அது விசுவாசமா, உத்தரவா?

அம்மா, 4:49
டேனி, பிள்ளை ஆசையாகப் படம் போட்டிருக்கிறாள்...

டேனி அண்ணன், 4:50
சண்டைக்கு இல்லை சித்தி. உண்மையாகவே கேட்கிறேன்.

அத்தை, 5:12
நல்ல கேள்விதான். முப்பது வருடம் வரலாறு நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அது உத்தரவுதான். மறைக்க வேண்டியதில்லை. பழைய கோயில்களை இடித்தார்கள். அரசாங்கத்தின் பலத்தோடு ஒரு மதம் வரும்போது நடக்கிற எல்லாம் அங்கேயும் நடந்தது. ஜெனி, கார்னி என்ற ஊரில் தூண் வைத்த ஒரு பழைய கட்டடம் இருக்கும், போய்ப் பார். கிறிஸ்தவத்துக்கு முந்தியது. அந்த மாதிரி நின்றது அது ஒன்றுதான்.

உத்தரவு போட்டு நூறு வருடம் ஆன பிறகும் சாதாரண ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? ஆராதனை கிரேக்க மொழியிலும் சிரியாக் மொழியிலும் நடந்தது. ஆர்மீனிய மொழிக்கு எழுத்தே கிடையாது. குருவானவர் வாசிப்பார், யாராவது வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்வார், அவ்வளவுதான். இதற்குள் 387-இல் ரோமாபுரியும் பாரசீகமும் நாட்டை ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக்கொண்டன. அப்படியே விட்டிருந்தால் ஆர்மீனியா என்று ஒன்று இருந்ததையே நாம் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அப்போதுதான் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் வந்தார். அரசவையில் வேலை பார்த்துவிட்டுத் துறவியானவர். கிராமம் கிராமமாகப் பிரசங்கம் பண்ணப் போய், ஜனங்களுக்குப் புரியவில்லை என்று கண்டுபிடித்தவர். சபைத் தலைவர் சகாக்கும் ராஜா விராம்ஷாபூவும் துணை நிற்க, 405-இல் 36 எழுத்துகளை உண்டாக்கினார். டேனி, உன் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 301 ராஜாவின் வருடம். 405 ஜனங்களின் வருடம்.

ஜெனி, 5:20
அத்தை!! இதைப் பாட்டியும் சொன்னார்கள். இங்கே பாட்டியைத் தாத்திக் என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என் நோட்டில் எழுத்துகளை எழுதிக் காட்டினார்கள். முதல் எழுத்து ஆய்ப், அதில் தொடங்குவது அஸ்த்வாட்ஸ், அதாவது கடவுள். மாஷ்டோட்ஸ் வைத்த கடைசி எழுத்து கே, அதில் தொடங்குவது கிறிஸ்து. "நடுவில் இருப்பதெல்லாம் நாங்கள்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். (படம்)

அத்தை, 5:24
இந்த நோட்டைத் தொலைத்துவிடாதே ஜெனி. அந்த எழுத்தில் முதலில் மொழிபெயர்த்த வாக்கியம் எது தெரியுமா? நீதிமொழிகள் முதல் அதிகாரம், இரண்டாம் வசனம். ஞானத்தை அறிவதைப் பற்றிய வசனம். ஆச்சி இப்போது மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குத் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு முழுதாகத் தமிழில் அச்சாகி வந்தது 1715-இல். அவர்களுக்கு அதற்குக் கிட்டத்தட்ட 1300 வருடம் முன்னாலேயே அந்தப் பாக்கியம் கிடைத்துவிட்டது.

பெரியப்பா, 5:33
அடுத்தது 451, அவராய்ர் போர். பாரசீக ராஜா யஸ்தெகெர்த், எல்லாரும் எங்கள் மதத்துக்கு வாருங்கள் என்று ஆர்மீனியப் பிரபுக்களுக்குக் கட்டளை போட்டான். இந்தத் தடவை உத்தரவு எதிர்ப்பக்கமிருந்து வந்தது டேனி. மதம் வெறும் உத்தரவாக இருந்திருந்தால் இந்த உத்தரவுக்கும் தலையாட்டியிருப்பார்கள். வர்தான் மாமிகோனியன் தலைமையில் எதிர்த்து நின்றார்கள், தோற்றார்கள், வர்தான் களத்திலேயே இறந்தார். ஆனால் மலைகளில் விடாமல் போராடினார்கள். 33 வருடம் கழித்து 484-இல், வர்தானின் தம்பி மகன் வாகான் காலத்தில், உங்கள் விசுவாசத்தில் கை வைக்க மாட்டோம் என்று பாரசீகமே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. தோற்ற போரைத்தான் அந்த ஜனங்கள் இன்றைக்கும் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அத்தை, 5:37
அண்ணாச்சி, அதே 451-இல்தான் கிறிஸ்துவின் தன்மையைப் பற்றி முடிவெடுத்த கல்கெதோன் திருச்சபைச் சங்கமும் கூடியது. ஆர்மீனியர் அதில் கலந்துகொள்ளவில்லை, பிற்பாடு அதன் முடிவையும் ஏற்கவில்லை. அதனால் கிரேக்க சபையோடும் ரோம சபையோடும் சேராமல் தனித்து நின்றார்கள். கோட்டயத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் அவர்களும் இன்றைக்கு ஒரே சபைக் குடும்பம்.

டேனி அண்ணன், 5:45
சரி, 405-ஐ ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அப்புறம் அவர்களுக்கு நாடே இல்லாமல் போனதே?

பெரியப்பா, 5:52
அதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். பழைய தலைநகர் ஆனி 1045-இல் போயிற்று. கிலிகியாவில் இருந்த கடைசி ராஜ்யம் 1375-இல் விழுந்தது. மறுபடியும் ஆர்மீனியா என்று ஒரு நாடு எழுந்தது 1918-இல். இடையில் 543 வருடம் ராஜா இல்லை, கொடி இல்லை, சொந்தப் படை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில் இவன் ஆர்மீனியன் என்று காட்டியது இரண்டே: சபையும் அந்த எழுத்தும். 1918 மே மாதம் சர்தாராபாத்தில் துருக்கிப் படை நெருங்கி வந்தபோது சபையின் தலைமைப் பீடமான எச்மியாட்சினை விட்டுப் போய்விடுங்கள் என்று சபைத் தலைவரிடம் சொன்னார்கள். அவர் அசையவில்லை. ஆலய மணி அடித்துத்தான் ஜனங்களைக் கூட்டினார்கள், விவசாயிகள்கூட வந்து சண்டை போட்டார்கள். அந்த மாதமே சுதந்திரம் அறிவித்தார்கள்.

ஜெனி, 6:05
பெரியப்பா, அதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்ததை நான் சொல்கிறேன். போன வாரம் தாத்திக் என்னை மத்தேனதரானுக்குக் கூட்டிப்போனார்கள். கைப்பிரதிகளைக் காக்கிற இடம், 17,000-க்கு மேல் இருக்கின்றன. வாசலில் மாஷ்டோட்ஸ் சிலை. உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். இன்று துருக்கியில் இருக்கிற மூஷ் ஊர்ப் பிரசங்கப் புத்தகம். 1202-இல் எழுதி முடித்தது, தோல் பக்கங்கள், எடை 28 கிலோ.

1915-இல் ஒட்டோமான் அரசு ஆர்மீனியர்களைக் கொன்றும் பாலைவனத்துக்கு விரட்டியும் அழித்தபோது மூஷ் ஊர் எரிந்தது. ஓடிவந்த இரண்டு பெண்கள் பாழான மடத்தில் இந்தப் புத்தகத்தைக் கண்டார்கள். ஒருத்தியால் தூக்க முடியாத கனம், அதனால் இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி நடந்தே எச்மியாட்சினுக்கு வந்து தன் பாதியைக் கொடுத்தாள். இன்னொருத்தி எர்ஸுரும் பக்கம் ஒரு மடத்து முற்றத்தில் தன் பாதியைப் புதைத்துவிட்டு இறந்துபோனாள். அதைப் பிற்பாடு ஒரு அதிகாரி கண்டெடுத்துக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு பாதியும் இப்போது ஒன்றாக இருக்கின்றன.

15 லட்சம் பேர் வரை இறந்திருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்குவதா, அரிசி மாவைத் தூக்குவதா என்று தெரியாத நேரத்தில் 14 கிலோ புத்தகத்தை முதுகில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். தாத்திக்கின் ஆச்சியும் மூஷ் ஊர்க்காரர்தான்.

அம்மா, 6:09
ஜெனி, நீ அழுததைச் சொல்லவே இல்லையே. ராத்திரி போன் பண்ணு.

அத்தை, 6:14
ஆச்சி பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒன்றும் பேசவில்லை.

டேனி அண்ணன், 6:30
அந்தப் பெண் என்ன நினைத்துத் தூக்கியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரிந்ததோ என்னவோ. ஜெனி, ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு அங்கே இது விசுவாசமா, இல்லை தேசிய அடையாளமா? கொடி மாதிரி?

ஜெனி, 6:48
இரண்டும் பின்னிக் கிடக்கிறது அண்ணா. என் வகுப்புப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது குறைவு. ஆனால் பஸ் ஆலயத்தைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்வார்கள். இதையே தாத்திக்கிடம் கேட்டேன். அவர்கள் பிறந்தது சோவியத் காலம். 1938-இல் சபைத் தலைவர் கோரேனையே கொன்றுவிட்டார்கள், ஆலயங்கள் பல கிட்டங்கி ஆயின. தாத்திக்கின் ஞானஸ்நானம் அதற்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான். அப்போதும் வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் நடந்ததாம். "கொடிக்காக யாரும் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள்" என்றார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பலிபீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வருகிறார்கள். எனக்கும் பழக்கமாகிவிட்டது. நேர்ச்சைக்கு ஆடு வெட்டி, உப்புப் போட்டு வேகவைத்து ஏழைகளுக்குப் பங்கு வைக்கிறார்கள், மதாக் என்று பெயர்.

அத்தை, 6:51
நம் ஊர் கோயில் விருந்து, அசனம் மாதிரியே!

பெரியப்பா, 7:20
ஜெனிம்மா, இப்போது என் பங்குக்கு ஒன்று. நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாரிமுனையில் தினமும் அரண்மனைக்காரன் தெரு வழியாக நடந்து போவேன். எந்த ராஜாவின் அரண்மனை இங்கே இருந்தது என்று ஒரு வருடம் தேடினேன். கடைசியில் பார்த்தால் ஆர்மீனியன் தெரு! நம் ஜனங்கள் வாயில் அது அரண்மனையாகிவிட்டது. அங்கே 1772-இல் கட்டிய மரியன்னை ஆலயம் இருக்கிறது. பட்டு, ரத்தின வியாபாரத்துக்கு வந்தவர்கள் கட்டியது. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726-இல் பாலம் போட்ட கோஜா பெட்ரூஸ் உஸ்கானும் அவர்களில் ஒருவர்தான், பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் பணம். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-இல் வெளிவந்தது எரவானில் இல்லை, மெட்ராஸில். பெயர் அஸ்தரார். நடத்தியவர் அந்த ஆலயத்தின் ஷ்மாவோனியன் பாதிரியார்.

ஜெனி, 7:24
பெரியப்பா, நான் வீடு கேட்டுப் போன முதல் நாள் எந்த ஊர் என்றார்கள். திருநெல்வேலி தெரியாது, மெட்ராஸ் பக்கம் என்றேன். உடனே "அஸ்தரார்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை அன்றைக்கு. அந்தப் பாதிரியாரின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறதாமே? தாத்திக் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

பெரியப்பா, 7:26
திங்கட்கிழமை காலை போகிறேன்.

திங்கட்கிழமை

பெரியப்பா, காலை 10:40
(9 படங்கள்)
வந்துவிட்டேன். தெருச் சத்தம் உள்ளே கேட்கவே இல்லை. முற்றத்தில் நடக்கிற வழியெல்லாம் கல்லறைக் கற்கள், தரையோடு தரையாக. செருப்பைக் கழற்றிவிட்டேன். காவலாளியிடம் கேட்டுப் பாதிரியாரின் கல்லறையைக் கண்டுபிடித்தேன். எழுத்து எனக்குப் புரியவில்லை, தலைப்பக்கம் எது கால்பக்கம் எது என்றும் தெரியவில்லை. படம் நேராக இருக்கிறதா பார்.

ஜெனி, 10:46
நேராக இருக்கிறது பெரியப்பா. முதல் கல்லிலேயே ஆய்ப் தெரிகிறது, நானே கண்டுபிடித்துவிட்டேன். தாத்திக் கண்ணாடி எடுக்கப் போயிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்து ஒன்று எடுங்கள்.