சுவரில் இருக்கும் படத்தை இறக்க வேண்டுமா? போஸ்டகோக்லுவைப் பற்றி ஒரு விவாதம்

வள்ளவிளை படிப்பகம்:
இன்று (2025 அக்டோபர் 18) மாலை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் – செல்சி கால்பந்து ஆட்டத்தைப் படிப்பகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பார்த்தோம். இடைவேளை வரை கோல் இல்லை. பிறகு மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு, கடைசியில் இன்னொன்று. 0-3. ஆட்டம் முடிந்து 18 நிமிடத்தில் மேலாளர் போஸ்டகோக்லுவை நீக்கிவிட்டதாக ஃபாரஸ்ட் அறிவித்துவிட்டது. நாங்கள் டிவியைக்கூட அணைத்திருக்கவில்லை. பொறுப்பேற்று 39 நாள்தான். எட்டு ஆட்டங்களில் இரண்டு சமன், ஆறு தோல்வி. ஒரு வெற்றிகூட இல்லை.

எங்களுக்குள் பிரச்சினை அதன்பிறகு தொடங்கியது. மே மாதம் பில்பாவோவில், அப்போது அவர் மேலாளராக இருந்த நம் டாட்டன்ஹாம் ஐரோப்பா லீக் கோப்பையை வென்ற வாரம், அவர் கோப்பையோடு நிற்கும் படத்தை மார்த்தாண்டத்தில் பெரிதாக அச்சடித்து வந்து சுவரில் மாட்டியிருந்தோம். அதை இறக்கிவிடலாம் என்று ஒரு தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டான். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். நம் அணியின் ரசிகர்கள் எல்லாரும் சொல்லுங்கள். நம்மை விட்டுப் போனவர் இன்னொரு கிளப்பில் தோற்றால், நமக்குச் செய்தது இல்லை என்றாகிவிடுமா?

களியக்காவிளைக்காரன்:
ஆகாது, அண்ணாச்சி. ஆனால் நாம் அவருக்குப் போட்ட மதிப்பெண்ணைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஜூன் 6 அன்று அவரை நீக்கியபோது நானும் கொதித்தேன். 2008க்குப் பிறகு முதல் கோப்பையை வாங்கித் தந்த மனிதரைப் பதினாறாம் நாள் வெளியே அனுப்புகிறார்களே என்று இரவெல்லாம் இங்கே எழுதிக்கொண்டிருந்தேன். அன்று எழுதியதை இன்று திரும்பப் பெறுகிறேன். நிர்வாகம் செய்தது சரி.

அந்த ஆண்டு லீக்கில் 38 ஆட்டங்களில் 22 தோல்வி, 17ஆம் இடம். இப்ஸ்விச்சும் லெஸ்டரும் நம் மைதானத்துக்கே வந்து 2-1 என்று வென்று போயின. இரண்டும் அந்த ஆண்டே கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய அணிகள். நம்மிடம் 38 புள்ளிதான் இருந்தது. நமக்கு அடுத்த இடத்தில் இருந்த லெஸ்டரிடம் 25. கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் கடைசி மூன்று அணிகளும் அவ்வளவு பலவீனமாக இருந்ததால்தான் நாம் தப்பினோம். கோப்பையின் வெளிச்சத்தில் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோம். ஃபாரஸ்ட் அதை மறுபடி நம் கண்முன்னால் நடத்திக் காட்டிவிட்டது.

பொழியூர் 10:
சேட்டா, எண்களை அடுக்கும்போது முதல் எண்ணையும் சேர்த்து அடுக்குங்கள். 2023 ஆகஸ்டில் ஹாரி கேன் பயர்ன் மியூனிக்குக்குப் போனார். அணி முடிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். முதல் பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு சமன், 26 புள்ளி. பிரீமியர் லீக்குக்குப் புதிதாக வந்த எந்த மேலாளரும் அப்படித் தொடங்கியதில்லை. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் அர்ஜென்டினா, பிரேசில் கொடிகளுக்கு நடுவே முதல்முறையாக டாட்டன்ஹாமின் சேவல் கொடி ஒன்று ஏறியது. அதைக் கட்ட கம்பத்தில் ஏறியவன் நான்.

இரண்டாம் ஆண்டு அணி முழுவதும் காயம். விகாரியோ, ரொமேரோ, வான் டி வென், உடோகி என்று கீப்பரில் தொடங்கித் தற்காப்பே காலி. நடுக்களத்துக்காக வாங்கிய ஆர்ச்சி கிரே, 18 வயதுப் பையன், மாதக்கணக்கில் நடுத் தற்காப்பில் நின்றான். அந்த அணியோடு யார் வந்திருந்தாலும் இதே கதிதான்.

களியக்காவிளைக்காரன்:
காயம் வானத்திலிருந்து விழுந்ததா? 2024 டிசம்பரில் செல்சியிடம் 3-4 என்று தோற்ற ஆட்டம் நினைவிருக்கிறதா? காயத்திலிருந்து ரொமேரோவும் வான் டி வென்னும் அன்றுதான் திரும்பினார்கள். அன்றே இருவரும் மறுபடி காயம்பட்டு வெளியேறினார்கள். தொடைப்பின் தசை கிழிந்து ஆறிய ஒருவரை, முதல் நாளிலேயே நடுக்கோட்டிலிருந்து கோல்வரை திரும்பத் திரும்ப ஓடவிட்டால் என்ன நடக்கும்? அவசரமும் அவருடையது, ஆட்டமுறையும் அவருடையது. பாதிக் காயத்துக்கு அவரே பொறுப்பு என்பேன்.

மூணாறு எஸ்டேட்:
இவரை 39 நாளை வைத்து அளக்காதீர்கள். பிரிஸ்பேனில் 36 ஆட்டம் தோற்காமல் இருந்தார். 2015இல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை. 2019இல் யோகோஹாமாவுக்கு ஜப்பான் லீக். செல்டிக்கில் இரண்டு ஆண்டுகளில் உள்நாட்டுக் கோப்பைகள் ஆறில் ஐந்து. அவர் வீடு கட்டுகிறவர். வீடு கட்டுகிறவரைக் கூப்பிட்டு, நாளைக்கே குடியேற வேண்டும் என்று ஃபாரஸ்ட் கேட்டது.

நீரோடி கோல்கீப்பர்:
மக்களே, நான் இருபது ஆண்டு கடற்கரை மணலில் கோல் காத்தவன். தற்காப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்துவது எப்படிப்பட்டது என்பதை அதற்குப் பின்னால் நிற்கிறவனிடம் கேட்க வேண்டும். டிவியில் பார்க்கிறவர்களுக்கு அது வீரம். கீப்பருக்கு அது முன்னால் கிடக்கும் நாற்பது மீட்டர் வெறுந்தரை.

2023 நவம்பர் 6, செல்சியோடு நடந்த ஆட்டம். ரொமேரோவும் உடோகியும் சிவப்பு அட்டை வாங்கி ஒன்பது பேர் ஆனோம். அப்போதும் அவர் வரிசையை இறக்கவில்லை. கீப்பர் விகாரியோ பெனால்டி பெட்டியைவிட்டு வெளியே ஓடி வந்து காலால் பந்தை அடித்துக்கொண்டிருந்தார். 75ஆம் நிமிடம் வரை 1-1. முடிவில் 1-4. தோற்ற அணிக்கு அரங்கமே எழுந்து கைதட்டியது. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அன்றைக்குப் பித்துப் பிடித்தது.

அடுத்த வாரமே மணலில் அதே ஆட்டத்தை ஆட ஆரம்பித்தார்கள். நன்றாகவே நடந்தது. எனக்கும் ஆச்சரியம்தான். காரணம் பிறகுதான் புரிந்தது. மணலில் பந்து உருளாது. தலைக்கு மேலே தூக்கி அடித்த பந்து விழுந்த இடத்திலேயே பொதிந்து நின்றுவிடும். எதிரணிக்காரன் அதைக் கிண்டி எடுத்து ஓடுவதற்குள் நம் ஆள் திரும்பி வந்துவிடுவான். மணலே எங்களுக்கு ஒரு தற்காப்பு ஆட்டக்காரனாக இருந்திருக்கிறது.

அந்த டிசம்பரில் மார்த்தாண்டத்துக்கு மேலே ஒரு செம்மண் மைதானத்தில் ஆடப் போனோம். அதே வரிசை, அதே பையன்கள். எதிரணி தூக்கி அடித்த முதல் பந்து தரையில் பட்டுத் தெறித்து, நம் கீப்பரையும் தாண்டி ஓடியது. அவனுக்குப் பதினாறு வயது. இடைவேளைக்குள் நான்கு கோல். இரண்டு முழங்காலும் உரிந்து, ரத்தமும் செம்மண்ணும் ஒரே நிறமாகக் கலந்திருந்தன. தண்ணீர் குடிக்க வந்தவன் பாட்டிலை வாங்காமல், "நான் எங்கே நிற்க வேண்டும்?" என்று என்னிடம் கேட்டான். வரிசையை இறக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. பையன்கள் ஆசையாக ஆடுகிறார்களே என்று விட்டுவிட்டேன். ஏழு கோல் வாங்கித் திரும்பினோம். அவன் அதற்குப் பிறகு கோல் கம்பத்துக்குக் கீழே நிற்க வரவில்லை.

போஸ்டகோக்லு பொறுப்பேற்ற ஃபாரஸ்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் நினைவுதான் வந்தது. முரில்லோவும் மிலென்கோவிச்சும் அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் சொந்தப் பெட்டியின் விளிம்பில் நின்று, வருகிற பந்தையெல்லாம் வெட்டி எறிந்தே பெயர் வாங்கியவர்கள். செப்டம்பரில் வந்தவர் அவர்களை மேலே ஏறச் சொன்னார். முன்பயிற்சிக்கு நாளில்லை, மூன்று நான்கு நாளுக்கு ஓர் ஆட்டம். ஸ்வான்சியில் 2-0 என்று முன்னால் இருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி 2-3 என்று தோற்றார்கள். கால் ஓய்ந்துவிட்டது. எங்கே நிற்பது என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
கீப்பர் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த முரில்லோவையும் மிலென்கோவிச்சையும் அப்படி நிறுத்தி, 65 புள்ளியோடு ஃபாரஸ்டை 7ஆம் இடத்துக்குக் கொண்டுவந்தவர், போஸ்டகோக்லுவுக்கு முன் அங்கே மேலாளராக இருந்த நூனோ. அதே ஆண்டு நம்மை இரண்டு முறையும் வென்றவர். அந்த நூனோவை 2021இல் நாம் நான்கு மாதத்தில் துரத்தினோம். கோழையாக ஆடுகிறார் என்று நம் அரங்கமே கூச்சலிட்டது. நம்மிடம் உதவாதவர் அங்கே போய்க் கொண்டாடப்பட்டார், நாம் கொண்டாடியவர் அங்கே போய் உதவாமல் போனார். நூனோ நம்மிடம் தோற்றது அவருடைய கடைசி மதிப்பெண் இல்லை என்றால், போஸ்டகோக்லு ஃபாரஸ்டில் தோற்றது மட்டும் எப்படி அவருடைய கடைசி மதிப்பெண் ஆகும்?

களியக்காவிளைக்காரன்:
ஆசிரியரே, நல்ல கேள்வி. ஆனால் தரை மாறினால் ஆட்டத்தையும் மாற்ற வேண்டியவர் யார்? கீப்பர் அண்ணன் தன் தவறைத் தானே சொல்லிவிட்டார், அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. போஸ்டகோக்லு இன்றுவரை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டாவது ஆண்டில் எப்போதும் கோப்பை வெல்வேன் என்றார், வென்றார். ஆனால் இரண்டாவது ஆண்டு வரை ஓர் அணி உயிரோடு இருக்க வேண்டாமா?

பொழியூர் 10:
மாற்றத் தெரியாதவர் என்று சொல்லாதீர்கள். மாற்றினார். எங்கே மாற்ற வேண்டுமோ அங்கே மாற்றினார். பில்பாவோவில் நம் காலில் பந்து இருந்தது ஆட்டத்தின் கால்பங்கு நேரத்துக்குச் சற்று மேலேதான். 42ஆம் நிமிடத்தில் பிரென்னன் ஜான்சன் கோல். அதன்பிறகு பதினொரு பேரும் பின்னால். 68ஆம் நிமிடம் விகாரியோ பந்தைத் தவறவிட்டார், மான்செஸ்டர் யுனைடெட்டின் ஹொய்லுண்ட் தலையால் முட்டினார், கோல் காலி. வான் டி வென் பின்னோக்கி ஓடி, காற்றில் மல்லாந்து, கோட்டுக்கு மேலேயிருந்து பந்தை வெளியே உதைத்தார். அந்த ஒரு நொடி எங்கள் கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. ஆட்டம் முடிந்தபோது இரவு இரண்டரை. மூன்று மணிக்குக் கடலுக்குப் போக வேண்டியவர்கள் வீட்டுக்கே போகாமல், கழுத்தில் வெள்ளைத் துண்டோடு நேரே கரைக்குப் போனார்கள். என் மாமா அன்று படகில் சேவல் கொடியைக் கட்டிக்கொண்டு போனார். இதை எனக்குத் தந்தவரை நான் எப்படித் திருத்தி மதிப்பிடுவேன்?

களியக்காவிளைக்காரன்:
தம்பி, என் கோபமே அதுதான். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் நின்று, ஒரு கோலைக் காத்து, ஓர் ஆட்டத்தை வெல்லத் தெரிந்திருக்கிறது. அதே ஐரோப்பா லீக்கில் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1-0, பில்பாவோவில் 1-0. தெரிந்த மனிதர் ஏன் லீக்கில் 22 தோல்வி வரை அதைச் செய்யவில்லை? ஃபாரஸ்டில் அதற்கென்றே பழகிய தற்காப்பு கையில் கிடைத்தது. அங்கே ஏன் செய்யவில்லை? தெரியாமல் தோற்றவரை மன்னிக்கலாம். தெரிந்தும் செய்யாதவரை என்னால் முடியவில்லை. நானும் அந்த இரவு அழுதவன். அதனால்தான் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் தன் நம்பிக்கையை மடித்து வைக்கலாம். வாரம்தோறும் மடித்துக்கொண்டே இருந்தால் ஆட்டக்காரர்களுக்கே அவர்மேல் நம்பிக்கை போய்விடும். அவர் பயந்தது அதற்காக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

நீரோடி கோல்கீப்பர்:
இருக்கலாம். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுக்கிறவன் கம்பத்துக்குக் கீழே நிற்கிறவன்.

படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1984இல் நாம் யூஈஎஃப்ஏ கோப்பையைப் பெனால்டியில் வென்றோம். பந்தைத் தடுத்த நம் கீப்பர் டோனி பார்க்ஸை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? படம் இருக்கட்டும். அவர் நமக்குச் செய்தது சுவரில் இருக்க வேண்டியதுதான். அவரை நீக்கியது சரி என்பதும் என் கருத்துதான். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஒன்று மற்றொன்றை வெட்டவில்லை.

பொழியூர் 10:
நீக்கியது சரி என்பதை நான் ஏற்கவில்லை. அவருக்குப் பதிலாக தாமஸ் ஃபிராங்க் வந்து மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 2-0 என்று வென்றது நல்லதுதான். ஆனால் ஐரோப்பா லீக் வென்றதால் ஆடக் கிடைத்த சூப்பர் கோப்பையில் பாரிஸ் அணியான பிஎஸ்ஜியிடம் 2-0 என்று முன்னால் இருந்து, சமனாக விட்டுப் பெனால்டியில் இழந்ததும் அவர்தான். அந்தக் கோப்பைக்கு ஆடும் தகுதியைத் தந்தவர் யார்?

களியக்காவிளைக்காரன்:
போஸ்டகோக்லுதான். மறுக்கவில்லை.

படத்தை இறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அண்ணாச்சி. ஒன்று மட்டும் கேட்கிறேன். வான் டி வென் காற்றில் கிடக்கிறாரே, அந்தப் படத்தை அதே அளவில் என் செலவில் அச்சடித்து எடுத்து வருகிறேன். பக்கத்திலேயே மாட்ட வேண்டும். அந்த வரிசைக்குப் பின்னால் இரண்டு ஆண்டு ஓடியவர் அவர்.

வள்ளவிளை படிப்பகம்:
ஜன்னலுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவில் இடம் இருக்கிறது. நாளை நம் ஆஸ்டன் வில்லா ஆட்டத்துக்கு முன்னால் வந்தால் நானே ஸ்டூலைப் பிடிக்கிறேன். கீப்பர் அண்ணன், அந்தப் பையனையும் கூட்டி வாருங்கள்.