துண்டான விரல்களை ஐஸில் வைத்தது தவறா?

கேள்வி (பொகவந்தலாவை):

எனது அண்ணன் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இரவு வேலை பார்ப்பவர். மூன்று வாரங்களுக்கு முன்பு, கொழுந்தைப் பல் உருளைகளால் நசுக்கிக் கிழிக்கும் சீ.டீ.சீ. இயந்திரத்தில் சிக்கியதை, உருளைகள் முழுதாக நிற்பதற்கு முன்பே எடுக்கப் போய், வலது கையின் மூன்று விரல்களை இழந்துவிட்டார். விரல்களைத் தேடி எடுத்தவன் நான். நகக்கண்ணில் தேயிலைச் சாயம் அப்படியே இருந்தது. கடைக்காரரை எழுப்பி ஐஸ்கட்டி வாங்கி, பொலித்தீன் பைக்குள் அதன் நடுவே விரல்களைப் புதைத்து, கண்டி வரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே பையைத் திறந்தபோது அவை வெளுத்து விறைத்திருந்தன. பொருத்த இயலாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஐஸில் நேரடியாக வைத்ததுதான் பிழை என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். என்னால்தான் அண்ணனின் விரல்கள் போயினவா? மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில் (தாதிய உத்தியோகத்தர், நுவரெலியா மாவட்டம்):

தம்பி, நேரடியாக ஐஸில் வைக்கக் கூடாது என்பது உண்மை. உறையும்போது திசுக்களுக்குள் பனித்துகள்கள் உண்டாகி, தையலிட வேண்டிய மெல்லிய இரத்தக்குழாய்களைச் சிதைத்துவிடும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அந்த இயந்திரம். கத்தியால் வெட்டுண்ட விரலில் குழாயின் முனை நேராக இருக்கும். பல் வைத்த உருளைகள் நசுக்கி இழுத்த விரலிலோ குழாய்களும் நரம்புகளும் உள்ளே நெடுகக் கிழிந்திருக்கும். அப்படிப்பட்ட விரலை எவ்வளவு கவனமாகக் கொண்டுவந்தாலும் பொருத்த முடியாமல் போவதே அதிகம். அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம்.

சரியான முறையையும் எழுதுகிறேன், நம் ஸ்டோர்களில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். முதலில் காயம்பட்டவர்தான், விரல் பிறகு. சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். கையிலோ காலிலோ பெருகும் இரத்தம் அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டுமே, காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான பட்டியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். இடையில் அதைத் தளர்த்தக் கூடாது. துண்டான பாகத்தை சேலைனில் (மருத்துவ உப்புநீரில்) நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு முடிந்து, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். விரலில் தசை இல்லாததால் குளிரில் ஒரு நாள் அளவுக்குத் தாங்கும். தசை நிறைந்த கைக்கும் காலுக்கும் ஆறு மணித்தியாலம் கடந்தாலே ஆபத்து. நம் மலைப்பாதையில் இதுவே பெரிய சோதனை, ஆகவே உடனே 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

பதில் (பதுளை):

லொறி விபத்தில் முழங்காலுக்குக் கீழே இழந்தவன் நான். தம்பி, இல்லாத விரல்கள் வலிப்பதாக அண்ணன் சொன்னால் நம்புங்கள். மனப்பிரமை என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். அறுபட்ட நரம்பும் மூளையும் தரும் உண்மையான வலி அது. எனக்கு இல்லாத பெருவிரல் மடங்கி இறுகிக்கொள்ளும். நல்ல காலைக் கண்ணாடியில் பார்த்தபடி இரண்டையும் அசைப்பதாக நினைக்கும் பயிற்சியால் அது மெல்லத் தளர்ந்தது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறை அது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். காயம் ஆறியதும் எஞ்சிய விரல்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சையை உடனே தொடங்குங்கள். பிந்தினால் மூட்டுகள் இறுகிவிடும்.

வேலைநேர விபத்துக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. இழந்த விரலுக்கும் அதில் கணக்குண்டு. வைத்தியசாலை அட்டையையும் சான்றிதழ்களையும் பத்திரமாக வையுங்கள்.

கேட்டவர்:

அக்கா, ஐயா, நன்றி. முந்தாநாள் இரவு இல்லாத சுண்டுவிரல் அரிக்கிறது என்று அண்ணன் சொன்னபோது அம்மா பயந்து அழுதார். இன்று இருவருக்கும் இதை வாசித்துக் காட்டினேன். ஸ்டோரின் முதலுதவிப் பெட்டியில் சேலைன் போத்தல் இல்லை. அதை வாங்கி வைக்கும்படி நாளை துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) கேட்கப் போகிறோம்.