சம்பளத்திலும் பிடித்தம், கணக்கும் முடக்கம்: என்ன செய்வது?

கேள்வி: பழைய கடனுக்காக நீதிமன்ற உத்தரவு வந்து மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சரி, கடன் என்னுடையதுதான். ஆனால் நேற்று வங்கிக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள், கையில் வந்த மீதிச் சம்பளமும் அதில்தான் கிடக்கிறது. அதை முழுவதும் அவர்கள் எடுத்துக்கொள்ள முடியுமா?

பதில் 1: சம்பளம் முழுவதையும் எடுக்கக் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையே (எண் 95), தொழிலாளியும் குடும்பமும் வாழத் தேவையான அளவு ஊதியத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. எவ்வளவு என்பது அந்தந்த நாட்டுச் சட்டம்.

பதில் 2: சிக்கலே சம்பளம் கணக்கில் விழுந்த பிறகுதான். அது சம்பளமா வேறு பணமா என்று வங்கி தானாகப் பிரித்துப் பார்க்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சம்பளச் சீட்டு, கணக்கு அறிக்கை, உத்தரவு நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உத்தரவிட்ட நீதிமன்றத்திலேயே ஆட்சேப மனு போடுங்கள். நோட்டீஸில் கெடு போட்டிருக்கிறதா பாருங்கள்.

கேட்டவர்: நோட்டீஸ் வந்த உறையை நான் இன்னும் பிரிக்கவே இல்லை, பயம். இப்போதே பிரிக்கிறேன்.